இரண்டு ஆல்பம், இருபது ஆண்டு: டிரெஸ்டன் டால்ஸ் என்ன ஆனார்கள்?

"டிரெஸ்டன் டால்ஸ் என்ற அமெரிக்க ராக் இரட்டையரைப் பற்றி 2004, 2005 வாக்கில் அத்தனை பேச்சு இருந்தது. முகத்தில் வெள்ளைப் பூச்சு, ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ். இரண்டு ஆல்பங்களுக்குப் பிறகு ஆளையே காணோம். பிரிந்துவிட்டார்களா, தோற்றுப்போனார்களா? இன்று கேட்க அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்பது கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சுருக்கமாக: பிரியவில்லை. விட்டுவிட்டுச் சேர்கிறார்கள், அவ்வளவுதான். தோற்றார்களா என்பதற்குப் பதில், எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆல்பங்களை எண்ணி இவர்களை அளப்பது, ஒரு நாடகக் குழுவை அது அச்சிட்ட வசனப் புத்தகங்களை எண்ணி அளப்பதற்குச் சமம். இவர்களுடைய தொழில் மேடையில் நடந்தது. ஒலிப்பதிவு அதன் ஒரு கிளை மட்டுமே.

2000ஆம் ஆண்டு, அமெரிக்கர்கள் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவு. பாஸ்டன் நகரில் அமாண்டா பாமர் தன் வீட்டில் ஒரு விருந்து வைத்து, தன் பாடல்களைத் தனியாகப் பியானோவில் வாசித்துப் பாடுகிறார். அவருக்கு வயது 24. கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஒருவர் பிரையன் விக்லியோனி, 21 வயது டிரம்ஸ் கலைஞர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர், ஜாஸும் ஹெவி மெட்டலும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தவர். பாடல்களைக் கேட்டதுமே இதற்கு டிரம்ஸ் வாசிக்கத் தான்தான் சரியான ஆள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சில நாட்களில் இருவரும் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார்கள். மூன்றாவது ஆளைத் தேடவேண்டிய தேவை அதன் பிறகு எழவே இல்லை.

பாமரின் முந்தைய பிழைப்பைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ஹார்வர்ட் சதுக்கம் என்ற இடம் உண்டு; தெருக் கலைஞர்கள் கூடும் இடம். அங்கே அவர் ஐந்து ஆண்டுகள் சிலையாக நின்று சம்பாதித்தவர். பால் பாட்டில் அடுக்கும் பெட்டி (கிரேட்) ஒன்றின்மேல் ஏறி நின்று, வெள்ளைத் திருமண உடை கால்வரை தொங்க, முகத்தில் வெள்ளை பூசி, எட்டடி உயர மணப்பெண்ணாக அசையாமல் நிற்பார். யாராவது தொப்பியில் காசு போட்டால் உயிர் பெற்று, அவர் கண்ணை நேராகப் பார்த்து, ஒரு பூவை நீட்டுவார். காரில் போகிறவர்கள் "போய் ஒரு வேலையைத் தேடு" என்று கத்திவிட்டுப் போவதுண்டாம். முகப் பூச்சு, அசைவின்மை, பார்வையாளரின் கண்ணை விடாமல் பிடிக்கும் பார்வை, கூச்சப்படாமல் காசு கேட்பது என்று பின்னாளில் குழுவின் அடையாளமான எல்லாமே அந்தக் கிரேட்டின்மேல் பழகியவை.

இனி காபரே. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பழைய சினிமாவின் ஓட்டல் நடனம்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. 1881இல் பாரிஸின் மோன்மார்த்ரில் தொடங்கிய 'கறுப்புப் பூனை' விடுதியும், அதன் வழியில் பெர்லினில் வளர்ந்த சிறு மேடைகளும்தான் மூலம். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே ஒரு மேடை, அரசியல் கிண்டல், கசப்பான காதல் பாட்டு, பாடுகிறவர் பார்வையாளரிடமே பேசிவிடும் துணிச்சல். 1928இல் பெர்டோல்ட் பிரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வெய்லும் சேர்ந்து பெர்லினில் அரங்கேற்றிய 'மூன்று காசு ஓபரா' இந்த மரபைப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனது. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் இருவருமே நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. டிரெஸ்டன் டால்ஸ் தங்கள் இசையை 'பிரெக்டிய பங்க் காபரே' என்று அழைத்துக்கொண்டது இந்த உறவைச் சொல்லத்தான். பத்திரிகைகள் தங்கள்மேல் 'காதிக்' (கறுப்பு உடை, இருண்ட மனநிலை கொண்ட ராக் வகை) என்ற முத்திரையைக் குத்திவிடும் என்ற பயத்தில் பாமரே முந்திக்கொண்டு உண்டாக்கிய பெயர் அது. காரியக்காரர்! மேடையில் அவர் வாசிக்கும் கீபோர்டு குர்ஸ்வைல் நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் முகப்பில் இருந்த நிறுவனப் பெயரை 'குர்ட் வெய்ல்' என்று படிக்கும்படி மாற்றி வைத்திருந்தார். முதல் வரிசையில் நிற்கிறவருக்கு மட்டும் தெரிகிற நகைச்சுவை.

குழுவின் பெயரிலும் இதே குசும்பும் இருட்டும் உண்டு. 1945 பிப்ரவரியில் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசி எரித்த ஜெர்மானிய நகரம் டிரெஸ்டன்; அந்தப் பகுதி நேர்த்தியான பீங்கான் பொருட்களுக்கும் பெயர் பெற்றது. எரிந்த நகரமும் உடையக்கூடிய பொம்மையும் ஒரே பெயரில்.

இரண்டே பேர் என்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். வழக்கமான ராக் குழுவில் டிரம்ஸும், கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஒரு தரை போட்டுக் கொடுக்கும். பாடகர் அதன்மேல் நடப்பார். இங்கே பேஸ் இல்லை, மின் கிட்டார் இல்லை. பாமரின் இடது கை பியானோவின் கீழ்க்கட்டைகளைக் குத்துகிறது, அதுதான் பேஸ். அவர் பியானோவை நளினமாக வாசிப்பவர் அல்லர், அடிப்பவர். அதனால் விக்லியோனிக்கு ஒட்டிக்கொள்ள ஒரு பேஸ் கிட்டார் கிடைப்பதில்லை. அவர் பாடகியின் வாயைப் பார்த்து வாசிக்கிறார். ஒரு வார்த்தை இழுபட்டால் தாளமும் காத்திருக்கிறது. ஒரு வார்த்தை வெடித்தால் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் வெடிக்கிறது. இருவரும் மேடையில் பக்கவாட்டில் ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்வார்கள். பாட்டு நடுவே பாமர் நிறுத்திவிட்டு முறைப்பார், விக்லியோனி குச்சியைத் தூக்கியபடி ஊமைநாடகக்காரர் போல உறைந்து நிற்பார், அரங்கம் சிரிக்கும், அடுத்த நொடி இருவரும் ஒரே அடியில் விழுவார்கள். நான்கு பேர் இருந்தால் இந்த விளையாட்டைக் கட்டி மேய்க்க முடியாது. ஒருவர் மட்டும் இருந்தால் விளையாட எதிராளி இல்லை.

இரண்டு பாடல்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 'காயின் ஆப்பரேட்டட் பாய்' அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு. காசு போட்டால் இயங்கும் பொம்மை ஆண் ஒன்று இருந்தால் போதும், உண்மையான ஆள் வேண்டாம் என்கிறாள் ஒரு பெண். மெட்டும் சாவி கொடுத்த பொம்மையின் இசை போலவே டிங் டிங் என்று நடக்கிறது. நடுவில் இயந்திரம் சிக்கிக்கொண்டது போல ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறது. இருவரும் சேர்ந்தே தடுமாறுகிறார்கள், ஒரு அடி பிசகாமல். பிறகு வேகம் குறைந்து, சோகமான ஒரு பகுதி வருகிறது. அங்கே அவள் பாடுவது என்ன தெரியுமா? பாட்டின் இந்தப் பகுதி கேட்பவர் மனம் இளகுவதற்காகவே எழுதப்பட்டது என்கிறாள். உங்களை உருக வைக்கும் வேளையிலேயே உருக வைக்கும் உத்தியையும் அம்பலப்படுத்துவது பிரெக்ட் நடிகர்களிடம் கேட்ட அதே காரியம். விசித்திரம் என்னவென்றால், ரகசியம் தெரிந்த பிறகும் நாம் உருகத்தான் செய்கிறோம்.

'மிஸ்ட் மீ' இன்னும் கூர்மை. சிறுவர்கள் ஓடிப்பிடித்து விளையாடும்போது சொல்லும் ஒரு கேலிப் பாட்டை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. சில வரிகளிலேயே பாடுவது ஒரு சிறுமி, எதிரில் இருப்பது வயது வந்த ஆண் என்பது புரிந்து வயிற்றைப் பிசைகிறது. விளையாட்டு மிரட்டலாகி, அந்த ஆள் கம்பிக்குப் பின்னால் போவதில் போய் நிற்கிறது. யார் யாரைப் பிடித்தது என்று கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியாது. மேடையில் இந்தப் பாட்டின் மௌனங்களைத் தாங்க முடியாத அளவுக்கு நீட்டுவார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் எழுதியதிலேயே சிறந்தது இதுதான். புகழ்பெற்றது அல்ல, சிறந்தது.

ஏறுமுகம் வேகமாகவே வந்தது. 2003இல் பாஸ்டனின் டபிள்யூபிசிஎன் வானொலி ஆண்டுதோறும் நடத்திய 'ராக் அண்ட் ரோல் ரம்பிள்' போட்டியில் வென்றார்கள். அதே ஆண்டு, புரூக்ளினில் ஸ்டூடியோ வைத்திருந்த மார்ட்டின் பிசியைத் தயாரிப்பாளராகக் கொண்டு முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்து சொந்தமாகவே வெளியிட்டார்கள். 2004இல் ரோட்ரன்னர் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு அதை மறுபடி வெளியிட்டது. ரோட்ரன்னர் என்றால் ஸ்லிப்நாட், செபுல்தூரா போன்ற கனமான மெட்டல் குழுக்களின் வீடு. பியானோவும் காலுறைப் பட்டையும் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று அன்றே பலர் புருவம் உயர்த்தினார்கள். அந்தப் பொருந்தாமை பின்னால் விலை கேட்டது. ஆனால் உடனடியாக ஒரு நன்மையும் இருந்தது: 2005இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற இரைச்சலான ராக் குழுவின் சுற்றுப்பயணத்தில் முன்னணிக் குழுவுக்கு முன்பாக வாசிக்கும் வாய்ப்பு. கறுப்பு டி-ஷர்ட் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வெள்ளை முகங்கள். ஹெவி மெட்டல் முன்னோடிகளான பிளாக் சபாத் குழுவின் 'வார் பிக்ஸ்' பாட்டைப் பியானோவும் டிரம்ஸும் மட்டும் வைத்து அடித்து நொறுக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு; அத்தகைய கூட்டத்தை வசப்படுத்த அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

2006 ஏப்ரலில் இரண்டாவது ஆல்பம், 'யெஸ், வர்ஜீனியா'. தயாரிப்பு ஷான் ஸ்லேட், பால் கோல்டெரி. பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட்டின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த அதே இருவர். தலைப்பு 1897இல் நியூயார்க் சன் நாளிதழ் எழுதிய தலையங்கத்திலிருந்து வருகிறது. கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையில் இருக்கிறாரா என்று வர்ஜீனியா என்ற எட்டு வயதுச் சிறுமி கேட்க, இருக்கிறார் என்று பத்திரிகை பதில் எழுதியது. அமெரிக்கர்களுக்கு மனப்பாடமான பழைய கதை. ஆல்பத்தில் உள்ள 'மிஸஸ் ஓ' பாட்டு இந்த இனிப்பான பொய்யைப் பிடித்து இழுத்துப்போய், ஹிட்லரும் யூதப் படுகொலையும் இல்லவே இல்லை என்று சொல்லும் பொய்யின் பக்கத்தில் நிறுத்துகிறது. இந்த ஒரு பாட்டுக்காகவே குழுவின் ஜெர்மானியச் சாயல் வெறும் ஒப்பனை அல்ல என்று சொல்வேன். மற்றபடி முதல் ஆல்பத்தின் காட்டுத்தனம் இதில் சற்று மட்டுப்பட்டுவிட்டது என்பது என் குறை.

அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் அது 42ஆம் இடத்தில் நுழைந்தது. பியானோ டிரம்ஸ் இரட்டையருக்கு இது சாதாரண விஷயமா? ஆனால் நிறுவனத்தின் கணக்கு வேறு. முதல் சில வாரங்களில் சுமார் 25,000 பிரதிகள் விற்றதைத் தோல்வி என்று அது முடிவுகட்டியதாகப் பாமர் பிற்பாடு மேடையில் சொன்னார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

இதே காலத்தில் அரங்குகளுக்கு வெளியே நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். ரசிகர்களில் பொய்க்கால் நடையர்கள், சிலையாக நிற்பவர்கள், தீ விளையாட்டுக்காரர்கள், ஓவியர்கள் என்று பலர் இருந்தார்கள். அவர்களைக் 'பிரிகேட்' என்ற பெயரில் சேர்த்து, ஒவ்வொரு ஊரிலும் கச்சேரிக்கு முன்னால் வரிசையிலும் முகப்புக் கூடத்திலும் வித்தை காட்டவிட்டார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர் மேடையை அடையுமுன்பே நாடகத்துக்குள் நுழைந்திருப்பார். 2006 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் அமெரிக்கன் ரெபர்டரி தியேட்டருடன் சேர்ந்து 'தி ஆனியன் செல்லர்' (வெங்காய நிலவறை) என்ற முழு நாடகத்தையே போட்டார்கள். கரு, ஜெர்மானிய எழுத்தாளர் குந்தர் கிராஸின் 'தகர டிரம்' நாவலில் வரும் ஓர் அத்தியாயம்: போருக்குப் பிந்திய ஜெர்மனியில் ஒரு விடுதி, வாடிக்கையாளர்களுக்குச் சாப்பாடு இல்லை, ஆளுக்கு ஒரு வெங்காயமும் கத்தியும் பலகையும் மட்டும், அழ முடியாதவர்கள் வெங்காயம் நறுக்கி அழுதுவிட்டுப் போகலாம். இவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்க முடியாது. ஆனால் மேடையேறிய வடிவம் தான் மனத்தில் வைத்திருந்தது அல்ல என்று பாமர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தெருவில் தனக்குத் தானே இயக்குநராக இருந்து பழகியவர் ஒரு நிறுவனத்தின் ஒத்திகை அட்டவணைக்குள் அடங்குவது கடினம்தான்.

2006இல் ராக் இசையே நாடகத்தனத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவினர் தங்கள் 'தி பிளாக் பரேட்' ஆல்பத்தில், 'காபரே' படத்தின் நாயகி லைசா மினெல்லியையே பாட வைத்தார்கள். பேனிக் அட் தி டிஸ்கோ குழுவின் சுற்றுப்பயணத்தில் டிரெஸ்டன் டால்ஸ் முன் நிகழ்ச்சி கொடுத்தார்கள். 2007இல் பாப் பாடகி சிண்டி லாப்பரின் 'ட்ரூ கலர்ஸ்' பயணம். காலம் கனிந்திருந்த அந்த நேரத்தில்தான் இவர்கள் களைத்துப்போனார்கள். ஆண்டுக்கணக்காக ஓயாத பயணம். வண்டியிலும் இரண்டு பேர், மேடையிலும் இரண்டு பேர், ஓட்டலிலும் இரண்டு பேர். நால்வர் குழுவில் சண்டை வந்தால் சமாதானம் பேச ஒருவர் இருப்பார். இங்கே மேடைக்கு உயிர் கொடுத்த அதே நெருக்கம் மேடைக்கு வெளியே மூச்சுமுட்ட வைத்தது. 2008இல் மிச்சம் மீதிப் பாடல்களை 'நோ, வர்ஜீனியா' என்று தொகுத்து வெளியிட்டுவிட்டு ஒதுங்கினார்கள். பிரிவு என்று அறிவிக்கவில்லை.

அதன் பிறகு பாமர் தனியாகப் போனார். பியானோ வாசித்துப் பாடும் பென் ஃபோல்ட்ஸ் துணையோடு 2008இல் வந்த தனி ஆல்பத்தின் ஒரு வீடியோவில் அவர் வயிறு தெரியும் காட்சிகளை வெட்டச் சொல்லி ரோட்ரன்னர் நிறுவனம் கேட்டது, அவர் மறுத்தார். ரசிகர்கள் தங்கள் வயிற்றைப் படமெடுத்து அனுப்பிப் போராட்டம் நடத்தினார்கள். என்னைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று நிறுவனத்தைக் கேட்டு ஒரு பாட்டே எழுதிப் பாடினார். 2010இல் விடுதலை கிடைத்தது. 2012இல் புதிய ஆல்பத்துக்காக, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார். வந்தது ஏறக்குறைய 12 லட்சம் டாலர், இசைக்கான திட்டங்களில் அன்றைய உச்சம். பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்கிறீர்கள்? 24,883 பேர். ஒரு நிறுவனத்துக்குத் தோல்வியாகத் தெரிந்த அதே 25,000, நேரடியாகக் கேட்டபோது சாதனையாகிவிட்டது. அடுத்த ஆண்டு, இணையத்தில் பரவலாகப் பார்க்கப்படும் 'டெட்' (TED) மேடை உரையில் அவரே இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஹார்வர்ட் சதுக்கத்துச் சிலையிலிருந்துதான் அந்த உரை தொடங்குகிறது.

ஒரு கறையையும் சொல்லிவிட வேண்டும். அத்தனை பணம் திரட்டிய பிறகு, சுற்றுப்பயணத்தில் அந்தந்த ஊர் வாத்தியக்காரர்கள் சம்பளம் இல்லாமல், பீருக்கும் அணைப்புக்கும் வந்து வாசிக்கலாம் என்று அழைத்தார். இசைக்கலைஞர்கள் கொதித்தார்கள், கடைசியில் சம்பளம் கொடுத்தார். கேட்பது ஒரு கலை என்று அந்த டெட் உரையில் அவர் வாதிட்டதை ஏற்கிறேன். ஆனால் கூட வாசிப்பவனிடம் கேட்பதும் ரசிகனிடம் கேட்பதும் ஒன்றல்ல. முன்னவனுக்கு அது பிழைப்பு.

விக்லியோனியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டிகளில் அதிகம் பேசாததன் விளைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் நைன் இஞ்ச் நெயில்ஸின் 'கோஸ்ட்ஸ்' தொகுப்பில் சில துண்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தார். வோர்ல்ட்/இன்ஃபெர்னோ ஃபிரெண்ட்ஷிப் சொசைட்டி என்ற குழுவில் இருந்தார். 2013 முதல் சில ஆண்டுகள் வயலண்ட் ஃபெம்ஸ் குழுவில் வாசித்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும் கலைஞர். பாமரின் தனி ஆல்பங்களில் நல்ல பாடல்கள் நிறைய இருந்தும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், குறைவது பெரும்பாலும் இவர்தான்.

2010 இலையுதிர் காலத்தில், பத்தாம் ஆண்டை ஒட்டி, மீண்டும் சேர்ந்து சுற்றுப்பயணம் போனார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்வது வழக்கமாகிவிட்டது. 2022 இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் சிறு அரங்கில் புதிய பாடல்களோடு வந்தார்கள், 2023இல் அமெரிக்காவில் மறுபடி பயணம் போனார்கள்.

எதிலிருந்து தொடங்குவது? ஆல்பத்திலிருந்து வேண்டாம் என்பேன். 2005இல் பாஸ்டனின் பாரடைஸ் ராக் கிளப்பில் எடுத்த கச்சேரிப் படம் 'இன் பாரடைஸ்' என்ற பெயரில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், முகங்களோடு. அடுத்து லண்டன் ரவுண்ட்ஹவுஸ் கச்சேரி. இரண்டையும் பார்த்த பிறகு முதல் ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டால், 'ஹாஃப் ஜாக்' பாட்டில் டிரம்ஸ் எங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, எங்கே விடுகிறது என்பது தானாகவே பிடிபடும். இந்த வகை பிடித்துப்போனால் லண்டனின் டைகர் லில்லீஸ் குழுவின் பக்கம் போகலாம். 1989இலிருந்தே இதே தெருவில் கடை போட்டிருப்பவர்கள், இன்னும் குரூரமானவர்கள். குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.